உப்புக்காற்றின்மேல் பழி போடாதவர்

என் உரைகளைப் பதிந்து தரும் காதர் தொலைபேசியில் அழைத்தால், பெரும்பாலும் என் மேடைப் பேச்சைப் பற்றிய முறையீடாகத்தான் இருக்கும். "ஐயா, நேத்து ரெண்டு வாட்டி மைக்க தட்டிட்டீங்க" என்பார். "துண்டு உரசற சத்தம் கேக்குது, வெட்டவும் முடியல" என்பார். சென்ற செவ்வாய் முற்பகலில் திண்டிவனத்தில் என் வீட்டு வாயிலில் வண்டிக்காகக் காத்து நின்றபோது அழைத்தார். "இன்றைக்கு என்ன குற்றம், காதர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஐயா, அக்கா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. பாண்டிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

அவர் முடிக்கவில்லை. வந்த வண்டியை மரக்காணத்துக்குத் திருப்பச் சொன்னேன்.

மரக்காணத்தில் அலைவாய் காணொளிக் கூடத்தை நடத்திவந்த அஞ்சலாட்சி அம்மையார் மறைந்துவிட்டார். அவரை அறிந்தவர்கள் இந்தக் கடற்கரையில் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் திருமண நாளில் அவருடைய ஒளிப்பதிவுக் கருவியை நிமிர்ந்து பார்த்தவர்கள். அறியாதவர்களுக்காகவும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எக்கியார்குப்பத்து மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் படகு எந்திரங்களைப் பழுது பார்ப்பவர். சாலையோரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகள், மூன்று கணினிகள், அம்மையாரும் காதரும். கூடம் என்பது அவ்வளவே. காதர் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாட்டில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பேணிவந்தவர். ஊர் திரும்பியபின் அம்மையாரோடு சேர்ந்து உழைத்தார். திருமணம், மஞ்சள் நீராட்டு, தேர்த் திருவிழா, பொதுக்கூட்டம் என இவர்கள் பதியாத நிகழ்வு இப்பகுதியில் அரிது.

நான் அவரை முதலில் கண்டது உப்பளத் தொழிலாளர் கூட்டமொன்றில். ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு இறங்கினேன். கைதட்டல் இன்னும் அடங்கவில்லை. ஒளிக்கருவியைத் தோளில் சுமந்தபடி ஓர் அம்மையார் எதிரே வந்தார்.

"நல்லா பேசனீங்க ஐயா. ஆனா நீங்க கைய வீசும்போதெல்லாம் மைக்குக்கு அடி விழுது. வீட்ல உக்காந்து கேக்கறவங்களுக்கு, நீங்க யாரையோ போட்டு அடிக்கிற மாதிரி இருக்கும்."

அன்றுமுதல் என் உரைகளையெல்லாம் அவரே பதிந்தார். தூய தமிழ்ச் சொற்களை நான் அவரிடம் விடாமல் கொண்டு சேர்த்தேன். வன்தட்டு என்றேன், சேமிப்பகம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பேரு நல்லாத்தான் இருக்குது ஐயா. ஆனா காலைல அது ஓடலன்னா, டிஸ்க்கு போச்சுன்னுதான் வாயில வரும்" என்பார்.

அவருடைய வாழ்வில் ஒரு நிகழ்வை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவரைப் பற்றிப் பெருமைப்பட எல்லாமே இருக்கிறது.

எங்கள் கடற்கரையில் எது பழுதானாலும் ஆயத்தமாய் ஒரு மறுமொழி உண்டு: உப்புக்காற்று. குளிர்ப்பெட்டி நின்றாலும், கைப்பேசி செத்தாலும், புதிதாய் வாங்கிய வண்டியில் துரு ஏறினாலும் உப்புக்காற்றே பொறுப்பு. அதில் பாதி மெய். மீதிப் பாதிக்கு நாங்கள் அதன் பின்னே ஒளிந்துகொள்வோம். காற்று வழக்குத் தொடுக்காது அல்லவா? காணொளிக் கூடங்களிலும் இதுவே நடைமுறை. ஒரு நிகழ்வின் பதிவு காணாமற்போனால், "உப்புக்காத்துல டிஸ்க்கு அடிபட்டுப் போச்சு" என்பார்கள். கேட்டவர் பெருமூச்சு விட்டுத் திரும்பிவிடுவார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கீழ்புத்துப்பட்டில் கோமதி என்ற பெண்ணின் திருமணத்தை அம்மையார் பதிந்தார். பெண்ணின் தந்தை உப்பளத்தில் உழைப்பவர். திருமணத்துக்கு வேண்டியதையெல்லாம் குவைத்திலிருந்து அனுப்பியவர் பெண்ணின் அண்ணன் ஏழுமலை. அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் கைப்பேசி வழியே காட்ட முயன்றார்கள், இணைப்பு அறுந்துவிட்டது. தங்கையின் திருமணத்தை அந்த அண்ணன் காண ஒரே வழி அம்மையாரின் பதிவுதான். நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பதிவை அம்மையார் அழித்துவிட்டார்.

அப்போது கூடத்தில் இருந்தது இரட்டை வன்தட்டுகள் கொண்ட ஒரு பெட்டி. ஒன்றில் பதிவது மற்றொன்றிலும் அப்படியே பதியும். ஒரு தட்டு பழுதானால் மற்றது காக்கும் என்பதால், எல்லாம் காப்பாக இருப்பதாகவே நம்பியிருந்தார்கள். ஒன்றில் அழிப்பது மற்றொன்றிலும் அப்படியே அழியும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. முகூர்த்தங்கள் நெருக்கியடித்த திங்களில், இடம் போதாமல் பழைய கோப்புகளை நீக்கியபோது, வேறொரு தட்டில் படி எடுத்தாயிற்று என்று எண்ணி அம்மையார் கோமதியின் திருமணத்தை நீக்கிவிட்டார். படி எடுத்திருக்கவில்லை. ஒளிக்கருவியின் நினைவட்டைகளிலும், அழித்த இடத்திலும் அடுத்த திருமணங்கள் பதிந்துவிட்டன. மீட்பதற்கு எதுவும் எஞ்சவில்லை.

நான் அன்று தற்செயலாய்க் கூடத்துக்குச் சென்றிருந்தேன். காதர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மையார் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, காத்துல போச்சுன்னு சொல்லிடலாம். எல்லாரும் அதான் சொல்றாங்க. அல்லா மன்னிப்பான்" என்றார் காதர்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பொய்க்கு அழகு சேர்த்தேன். "கடல் தந்ததைக் கடற்காற்றே கவர்ந்துசென்றது என்று தொடங்குங்கள். கேட்பவர் நெஞ்சம் உருகிவிடும்" என்றேன். நாற்பதாண்டு மேடைப் பயிற்சி எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவுதான் பயன்பட்டது.

அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்குது ஐயா. ஆனா காத்து எதுவும் பண்ணல. நான்தான் அழிச்சேன்."

மறுநாளே கீழ்புத்துப்பட்டுக்குச் சென்றார். பெற்றோரிடம் சொன்னார். அதோடு விடவில்லை, அவர்கள் எதிரிலேயே ஏழுமலையைக் கைப்பேசியில் அழைக்கச் சொன்னார். தந்தை முதலில் பேசிவிட்டுக் கைப்பேசியை அவரிடம் தந்தார். உடன் சென்றிருந்த காதர் அதைப் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"இன்னாக்கா சொல்றீங்க? டிஸ்க்கு போச்சா?" என்று கேட்டார் ஏழுமலை.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குது. நான் அழிச்சிட்டேன்பா."

"இல்லக்கா, உப்புக்காத்துல போயிருக்கும்னு அப்பா சொன்னாரு."

"அப்பா எனக்காகச் சொல்றாரு. காத்து இல்ல. பாக்காம அழிச்சது நான்."

பெற்ற தந்தையும் பிள்ளையும் தப்பிக்கும் வழியைத் திறந்துவிட்டு நின்றார்கள். அவர் அதன் வழியே போகவில்லை. அதன்பிறகுதான் ஏழுமலைக்குச் சினம் வந்தது. "நான் இங்க வெயில்ல வெந்துகினு கெடக்கறேன். கல்யாணத்துக்குத்தான் வர முடியல. பாக்கற பாக்கியமும் இல்லாம பண்ணிட்டீங்களே. உங்களுக்கெல்லாம் எதுக்கு கேமரா?" என்றும், அச்சில் ஏற்றத்தகாத சில சொற்களும் சொன்னார். "அக்கா கேட்டுக்கினே இருந்தாங்க ஐயா. நான் போன புடுங்கப் போனேன், கையத் தட்டி விட்டுட்டாங்க" என்றார் காதர்.

அடுத்த ஆறு வாரங்கள் இருவரும் அந்தத் திருமணத்துக்கு வந்தவர்களைத் தேடி அலைந்தார்கள். யார் கைப்பேசியில் என்ன பதிந்திருக்கிறதோ, அரை நிமிடமானாலும் கெஞ்சி வாங்கினார்கள். பந்தியில் எடுத்தது, பந்தல் கம்பத்தில் சாய்ந்து எடுத்தது, விரல் பாதி மறைத்தது. அவற்றைக் கோத்து ஒரு காணொளி செய்து குவைத்துக்கு அனுப்பினார்கள். ஏழுமலையிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பார்த்ததற்கான அடையாளமும் கைப்பேசியில் விழவில்லை. "பாக்கலன்னா பரவால்ல. அது அவரு உரிமை" என்று அம்மையார் சொல்வார். ஆனால் காதரிடம் அவ்வப்போது, "வந்துச்சா?" என்று மட்டும் கேட்பார். எதைக் கேட்கிறார் என்று காதருக்குத் தெரியும்.

அதன்பின் புதிய சேமிப்பகம் தேடும் படலம் தொடங்கியது. மூன்று கணினிகளும் ஒரே நேரத்தில் பதிவுகளை எடுத்து வேலை செய்யத்தக்க, வலைப்பின்னலில் இணையும் பெட்டி ஒன்று வேண்டும். நான்கு திங்கள் தேடினார். விழுப்புரத்து வணிகர் ஒருவர் தம் பெட்டியின் விரைவைச் சொல்லி மயக்கினார். இணையத்திலேயே சேமித்துவிடலாம் என்றார் மற்றொருவர்; மரக்காணத்து இணைய வேகத்தில் ஒரு திருமணம் மேலேறி முடிவதற்குள் மணமக்களுக்குப் பிள்ளை பிறந்துவிடும் என்று காதர் கணக்கிட்டார்.

கடைசியாகப் புதுச்சேரியில் ஒரு கடை. நானும் உடன் சென்றேன். கடைக்காரர் அம்மையாரின் ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"மரக்காணமா? அப்போ உங்களுக்கு உப்புக்காத்துதான்மா பெரிய ஆபத்து. அதுக்குன்னே மூடுன மாடல் ஒண்ணு இருக்குது."

"எங்க ஊர்ல உப்புக்காத்த விட நான்தான்பா ஆபத்து. எங்கிட்ட இருந்து காப்பாத்தற மாடல் இருந்தா காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் காதரைப் பார்த்தேன். அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு பழைய திருமணப் பதிவை எடுத்து, பெட்டியில் ஏற்றச் சொன்னார். இரண்டு கணினிகளில் அதை ஓடவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு வன்தட்டுகளில் ஒன்றை உருவினார்.

"அம்மா, அத எதுக்கு உருவறீங்க? கம்பெனில கூட இப்டி பண்ண மாட்டாங்க."

"கம்பெனில கல்யாணமா எடுக்கறாங்க?"

காட்சி நிற்கவில்லை. தட்டைத் திரும்பச் செருகிவிட்டு, பதிவு முழுவதையும் அழித்தார். கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப எதுக்கும்மா அழிச்சீங்க?"

"அதான் எனக்கு வரும். இப்ப நீங்க திருப்பிக் குடுங்க."

அந்தப் பெட்டிக்கு ஓர் ஆற்றல் இருந்தது. நாள்தோறும் தன் நிலையை அப்படியே நினைவில் பூட்டி வைத்துக்கொள்ளும்; நேற்றைய நிலையை இன்று திரும்பப் பெறலாம். பதிவை ஏற்றியதுமே கையால் ஒருமுறை பூட்டியிருந்த நிலையைக் கடைக்காரர் திறந்தார். அழிந்த திருமணம் மீண்டது. "நானே நெனச்சாலும் ஒரு மாசத்துக்குப் பழசத் தொட முடியாத மாதிரி வெக்க முடியுமா?" என்று கேட்டார் அம்மையார். முடியும் என்றார் கடைக்காரர். அப்போதுதான், "இத எடுத்துக்கறேன்" என்றார்.

அதோடும் நிறைவடையவில்லை. பெட்டியே திருட்டுப்போனால், புயலில் மாடியே போனால் என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் ஒரு படி கடற்கரையைவிட்டுத் தள்ளியிருக்க வேண்டுமென்று முடிவு செய்தார். அந்தப் படி என் திண்டிவனத்து வீட்டு நூல் அடுக்கில் இருக்கிறது. வெள்ளிதோறும் காதர் பேருந்தில் புதிய தட்டைக் கொண்டுவந்து பழையதை எடுத்துச் செல்வார். நான் ஒருமுறை வெளியூர் சென்றிருந்ததால் அந்த மாற்றம் தவறியது. "உங்க பேச்சுக்கு ஆயிரம் பேரு வருவாங்க ஐயா. அந்த டிஸ்க்குக்கு நீங்க ஒருத்தர்தான்" என்று அம்மையார் கடிந்துகொண்டார்.

குறையே இல்லாதவர் என்று சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த மாட்டேன். பிடிவாதக்காரர். தாம் சொல்லும் வரை காதர் ஒரு கோப்பையும் நீக்கக் கூடாது என்பார். தாமும் நீக்க மாட்டார். இருவருக்கும் நாள்தோறும் சண்டை. புதிதாய் வரும் ஒவ்வொருவரிடமும், "ஒரு கல்யாணத்த நான் அழிச்சிருக்கேன். தெரிஞ்சிக்கினு அப்பறம் சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். எழுந்து போனவர்கள் உண்டு. போட்டிக் கூடத்தார் "கல்யாணத்த அழிச்ச ஸ்டுடியோ" என்று ஏளனம் செய்தார்கள். "சரியாத்தான் சொல்றாங்க. அவங்க அழிச்சத யாரு சொல்றது?" என்பதே அவருடைய மறுமொழி.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, சவுக்குத் தோப்பு நிழலில் ஓர் இளைஞர் என்னை நிறுத்தினார். ஏழுமலை. விடுப்பில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"நாளைக்குப் போயி பாக்கலாம், நாளைக்குப் போயி பாக்கலாம்னு இருந்துட்டேன் ஐயா. அவங்க அனுப்புன வீடியோவ அன்னைக்கே பாத்துட்டேன். பாத்தது அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு போன்ல அந்த நீல டிக்க ஆஃப் பண்ணி வெச்சேன். அவ்ளோ கோவம். அப்பறம் எத்தினி வாட்டி பாத்தேன்னு எனக்கே தெரியாது. ஒரு வார்த்த சொல்லல."

அவர் கைப்பேசியை எடுத்து, வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அந்தக் காணொளியைத் திறந்தார். அதன் தொடக்கத்தை நானும் அதுவரை பார்த்ததில்லை. குடும்பத்தாருக்கு மட்டுமே அம்மையார் அதை அனுப்பியிருந்தார்.

தலைப்பில்லை, பூவில்லை, இசையில்லை. அம்மையார் நிற்கிறார். விளக்கொளி கூசி ஒருமுறை கண்ணைச் சிமிட்டுகிறார். "ஏழுமலைத் தம்பி, நான் அஞ்சலாட்சி. உன் தங்கச்சி கல்யாணத்த நான்தான் அழிச்சேன். இது உன் சொந்தக்காரங்க போன்ல எடுத்தது. முழுசா இருக்காது. நீ இல்லன்னு அம்மா ஒரு எடத்துல அழுவும், அத நான் வெட்டல."

சென்று வாருங்கள், அம்மையீர். உங்களுக்காக நான் ஆக்கிக் கொடுத்த அந்த அழகிய பொய்யை இன்று ஊரறியத் திரும்பப் பெறுகிறேன்.

திரையில் அம்மையார் காட்சியைவிட்டு ஓரமாக விலகினார். யாரோ ஒருவர் கைப்பேசியில் பதிந்த நாதசுரம் இரைச்சலோடு எழுந்தது. ஏழுமலை ஒலியைக் கூட்டினார். தங்கை மணவறைக்கு வந்துகொண்டிருந்தாள்.