ஆட்டினால் சத்தம் வராத டப்பா

கேரட்டை வெட்டுவதற்கு முன் அளக்கிறார். கண்ணளவு எல்லாம் இல்லை. டேப்பை இழுத்துச் சாப்பாட்டு டப்பாவின் உள்விளிம்பில் வைத்துப் பார்க்கிறார். காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கேரட்டின் மேல் கோடு போடப் போகிறார். அப்போது மனைவியின் முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. “சாப்பிடுற பொருள் மேல பென்சிலக் கொண்டு போனீங்கன்னா பாருங்க” என்று அந்த அம்மாள் ஒருமுறை சொன்ன தோரணை அப்படி. பென்சில் காதுக்குத் திரும்புகிறது. நகத்தால் கீறி வெட்டுகிறார்.

அலமாரிகளும் சமையலறை அடுக்குப் பலகைகளும் செய்யும் பட்டறை ஒன்றில் அவர் தச்சர். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். “அவரு மாட்டின கதவு இடுக்குல எறும்பு கூட ஒருக்களிச்சுத்தான் போகணும்” என்பார் அங்கே மெருகு போடுபவர். கிண்டலாகத்தான் சொல்வார். மில்லிமீட்டரோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

மனைவி பேருந்து ஓட்டுகிறார். விடியற்காலை முதல் வண்டி அவருடையது. அதனால் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மதியச் சாப்பாடு கட்டும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதுவரை வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர். பொரித்தது வேண்டாம், இனிப்பு வேண்டாம், காயும் பழமும் நிறைய இருக்கட்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மனிதர் கச்சையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். சமையலுக்கென்றே சின்னதாக ஓர் உளி வாங்கினார். அதைப் பட்டறைப் பக்கமே கொண்டுபோவதில்லை. மழைக்காலத்தில் வெள்ளரிக்காய் குடையாயிற்று. குளிர் நாட்களில் ரொட்டி நட்சத்திரமாயிற்று. இலை உதிரத் தொடங்கியதும் கேரட்டெல்லாம் நரம்போடு இலையாயிற்று. அவித்த முட்டைக்கு உலர்திராட்சைக் கண் வைத்து ஆந்தை செய்தார்.

எல்லாம் அடுக்கி முடித்ததும் கடைசியாக ஒரு சோதனை உண்டு. டப்பாவை மூடி, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வரக் கூடாது. வந்தால் மூடியைத் திறந்து, ஆடுகிற இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு துண்டு ஆப்பிளைச் சீவி இடுக்கில் இறக்கிக் கட்டைவிரலால் அழுத்துவார். “ஆப்பு வெச்சாச்சு!” என்பார். மறுபடி ஆட்டுவார். சத்தமில்லை. அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பிறந்த குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கியபோதும் அதே சிரிப்புத்தான் வந்ததாம். இந்தச் சிரிப்பு வரும் வரைக்கும் பல் தேய்க்கும் பிரஷை வாயில் வைத்தபடி மகள் சமையலறை வாசலில் நிற்பாள். வாலு என்றுதான் வீட்டில் அவளைக் கூப்பிடுவது. சிரிப்பு வந்த பிறகுதான் வாய் கொப்பளிக்கப் போவாள்.

“சாப்பாடு கட்டுறீங்களா, சன்னல் மாட்டுறீங்களா?” என்று விடுமுறை நாட்களில் மனைவி கேட்பார்.

“எதுவா இருந்தாலும் ஃபிட்டிங் முக்கியம்” என்பார் இவர்.

இவ்வளவும் இருந்து என்ன, டப்பா போனபடியே திரும்பி வந்தது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை, தினமும் அதே கதை. அதே கேரட்டை, அதே முட்டையை ஞாயிற்றுக்கிழமை தட்டில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். பள்ளிக்குப் போனால் மட்டும் தொடுவதில்லை.

“பிடிக்கலையா கண்ணு?”

“ரொம்பப் பிடிக்கும்ப்பா. நாளைக்கும் ஆந்தை வைப்பியா?”

“அப்போ ஏன் சாப்பிடல?”

“நேரமில்லப்பா” என்பாள் வாலு, பெரிய அதிகாரி மாதிரி.

மத்தியானத்துக்கு மேல் பிள்ளை தூங்கி வழிகிறாள் என்று ஆசிரியை சொன்னதும் மனைவி முடிவாகப் பேசிவிட்டார். “இந்த வாரம் பாருங்க. இல்லேன்னா கேன்டீன்ல பன்னு வாங்கித் தின்னட்டும். பட்டினி கிடக்கிறதுக்கு அது மேல்.” நியாயந்தான் என்று தலையாட்டினார் மில்லிமீட்டர். ஆனால் மனது கேட்கவில்லை. பட்டறையிலிருந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு மகள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். நாள் முழுக்க அவளுக்கென்று அவர் செய்வது அந்த டப்பா ஒன்றுதான். தன் கைப்பக்குவம் பெற்ற பெண்ணுக்கே பிடிக்கவில்லையோ என்று நினைத்தார். அதனால் இன்னும் அழகாக, இன்னும் இறுக்கமாக அடுக்கினார். எள் போட்டால் எள் விழாது.

அந்த வாரக் கடைசியில் பள்ளியில் காய்ந்த இலைகளை வைத்துக் கைவேலை செய்யும் நாள் வந்தது. பெற்றோரும் வரலாம் என்றார்கள். பட்டறைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டார். முந்தின ஞாயிறு அப்பாவும் மகளும் பூங்காவில் இலை பொறுக்கினார்கள். அவற்றை இவர் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, அப்பளம்போலத் தட்டையாக்கி வைத்திருந்தார்.

வகுப்பில் போட்டிருந்தவை பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள். உட்கார்ந்ததும் அவர் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து, ஓரமெல்லாம் கத்தரித்து, இரு பக்கமும் ஒரே அளவில் ஓர் ஆந்தை செய்தார். வாலு ஒரு பறவை செய்தாள். அதன் சிறகுகளை நடுவில் மட்டும் ஒட்டி விட்டிருந்தாள். ஓரங்கள் எழும்பி நின்றன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியுமா? பசையோடு கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

“ஒட்டாதப்பா! முழுசா ஒட்டிட்டா எப்படிப் பறக்கும்?” என்று தடுத்து, உஃப் என்று ஊதிக் காட்டினாள். சிறகுகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

சாப்பாட்டு மணி அடித்தது. பெரியவர்கள் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். வாலு டப்பாவைத் திறந்ததும் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். “இன்னிக்கு மீனுடா! கேரட் மீனு!” என்று ஒரே கூச்சல். மில்லிமீட்டருக்கு உச்சி குளிர்ந்தது. கூட்டம் கலைந்த பிறகு வாலு சாப்பிட ஆரம்பித்தாள். மீனின் வாலை நகத்தால் நெம்பினாள், அசையவில்லை. ஸ்பூனை விட்டுப் பார்த்தாள், நுழைய இடுக்கு இல்லை. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசை மேல் தட்டினாள். ஒரு திராட்சைகூட விழவில்லை.

விழவில்லை என்று கண்டதும் மனிதருக்கு முதலில் வந்தது பெருமைதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் பழகிய கையோடு மூடியைப் போட்டுவிட்டு, பக்கத்துப் பெண் நீட்டிய பிஸ்கட்டில் பாதியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே கைக்கே எட்டவில்லை.

ஓடிப்போய் அவள் அருகில் முட்டி போட்டு உட்கார்ந்தார். “ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?”

வாலு பிஸ்கட்டைப் பார்த்தாள். “காலையில காதுல வெச்சு ஆட்டிட்டுச் சிரிப்பியேப்பா. சொன்னா சிரிக்க மாட்டியே.”

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சட்டைப்பையில் இருந்த இரும்பு ஸ்கேலைக் குழாயில் கழுவிக்கொண்டு வந்து, ஓரத்தில் விட்டு நெம்பினார். மீன், முட்டை, ரொட்டி எல்லாம் மூடியில் வந்து விழுந்தன. வாலு ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

பட்டறையில் இதை அவரே சொல்ல, மெருகுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மழை வந்தா மரம் ஊறி உப்பும், இழுப்பறைக்கு மூச்சு விட இடம் விடுங்கடான்னு எங்க உயிர வாங்குறது யாரு? ஊருக்குத்தான் உபதேசமா?” கேன்டீன் பன் பேச்சை மனைவியும் அன்றோடு விட்டுவிட்டார்.

அடுத்த பள்ளி நாள் காலை. கேரட் இலைகள், ரொட்டி, முட்டை ஆந்தை எல்லாம் டப்பாவுக்குள் போயின. மூடினார். பழக்கதோஷம், காதருகே வைத்து ஆட்டினார். கடகடவென்றது. கை தானாகவே ஆப்பிள் துண்டைத் தேடிப் போயிற்று. வாசலில் வாலு, வாயில் பிரஷோடு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆப்பிளைத் தன் வாயில் போட்டுக்கொண்டு குனிந்தார். சிரித்துக்கொண்டே அவள் காதருகே டப்பாவை வைத்து ஆட்டிக் காட்டினார்.