வாசலுக்கு வந்த குதிரை

பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று வீட்டில் இன்றும் வழக்கு நடக்கிறது. ஆனால் ஆட்களைச் சிரிக்கவைப்பதில் ஏழு வயதிலேயே நான் பட்டதாரி. ஒரே ஒருவரிடம்தான் பெயில். போர் முடிந்து, முகாமில் கிடந்து, எங்களுக்குப் பின்னால் கனடா வந்து சேர்ந்த அப்பா.

குரங்குபோல நடந்து காட்டினேன். அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு ஆடினேன். அவர் பார்த்தபடியே இருப்பார். முகத்தில் ஒன்றும் அசையாது.

ரூஜ் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், நிலத்துக்குக் கீழே, இருந்தோம். மேலே வீட்டுக்காரர், வேல்ஸ் நாட்டுக் கிழவர். மரச் சப்பாத்து போட்டு அவர் ஆடினால் எங்கள் சோற்றுக்கோப்பைக்குள் தூள் விழும். புதுவருடம் பிறந்ததும் அவருடைய கூட்டாளிகள் பிடிலோடு வருவார்கள். குதிரையின் மண்டையோட்டை ஒரு தடியில் செருகி, வெள்ளைத் துணியால் மூடி, உள்ளே ஒருவர் நின்று ஆட்டுவார். வாசல் வாசலாகப் போய்ப் பாடுவார்கள். அந்தந்த வீட்டுக்காரர் உள்ளே இருந்து பதில் பாட்டுப் பாட வேண்டும். பதில் பாட்டு வராமல் முட்டினால், கதவைத் திறந்து குதிரைக்கு விருந்து வைக்க வேண்டும். அது அவர்கள் ஊர் வழக்கம்.

இதைப் பார்த்தால் கல்லும் சிரிக்கும் என்று நினைத்தேன். எங்கள் வாசலுக்கும் வரச்சொல்லிக் கிழவரைக் கெஞ்சினேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

அன்று பின்னேரமே இருட்டிவிட்டது. வெளியே பனி கொட்டியது. பக்கக் கதவைத் தட்டிப் பாடத் தொடங்கினார்கள். பதில் பாட்டுக்கெல்லாம் எனக்குப் பொறுமை ஏது? ஓடிப்போய்த் திறந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். துணிக்குள் இருந்து பல்லை நீட்டிய குதிரை அவரை நேராகப் பார்த்தது. பிறகு மெல்லத் தலையை ஆட்டியது.

அப்பா வெறுங்காலோடு பனிக்குள் இறங்கினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். அதுவும் ஆட்டம்தான் என்று வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்பா திரும்பாமலே அம்மாவிடம் சொன்னார். "பிள்ளையை உள்ள கூட்டிக்கொண்டு போம்."

அம்மா பாய்ந்து வந்தார். "இஞ்சருங்கோ, உது எங்கட மேல்வீட்டு மனிசன். விளையாட்டுக்கு வந்தவை." பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், துணியைத் தூக்கு, தூக்கு என்று குதிரையைப் பார்த்துக் கத்தினார்.

பிடில் நின்றது. கிழவர் துணியைத் தூக்கினார். சிவந்த கன்னம், நனைந்த தாடி, மூச்சு வாங்கும் சிரிப்பு.

அப்பா அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு கையை இறக்கி அவர் கன்னத்தைத் தொட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். நான் வென்றுவிட்டேன் என்று பனிக்குள் குதித்தேன்.

முகாமில் ஆமிக்காரர், ஆட்களைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகம் மூடிய ஒருவரைக் கொண்டுவந்து வரிசைக்கு முன்னால் நிறுத்துவார்கள் என்பதும், அவர் தலையாட்டினால் எதிரே நிற்பவரை இழுத்துக்கொண்டு போவார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அப்பாவின் தம்பியைப் பார்த்தும் அந்தச் சாக்குத் தலை அப்படித்தான் ஆடியது. அப்பா பக்கத்தில் நின்றார். சாக்குக்குள் இருந்தது யாருடைய முகம் என்று அவருக்கு ஒருவரும் காட்டவில்லை.