பர்மா வாட்ச்மேன்

முதலாளியின் அம்பாசடர் தெருமுனை திரும்பும்போதே ஆத்தப்பன் பீடியை மிதித்து அணைத்துவிடுவார். வலது கையால் கேட்டை இழுத்துப் பிடிப்பார். இடது கை விறைப்பாக நெற்றிக்கு ஏறும். கூடவே ஒரு கால் தரையை ஓங்கி அறையும். அந்தப் புழுதி அடங்குவதற்குள் வண்டி பனியன் கம்பெனிக்குள் போய்விடும். கேட்டை இழுக்க வலது கை வேண்டியிருந்ததால் சல்யூட் இடது கைக்குப் போனது, அவ்வளவுதான். ஆனால் பெருமாநல்லூர் ரோட்டில் மற்ற கம்பெனி வாட்ச்மேன்களும் அவரிடம்தான் சல்யூட் பழகினார்கள். ஆகவே ரோடு முழுக்க இடது கைதான்.

காக்கிச் சட்டை சந்தையில் வாங்கியது. மீசைக்கு விளக்கெண்ணெய். பூட்ஸில் ஒன்று கறுப்பு, மற்றது கறுப்பாக்கப்பட்டது.

டீ டைம் வந்தால் பர்மா யுத்தக் கதை ஆரம்பமாகும். அவருடைய பர்மாவில் ஒரு ஆறு ஓடும். இரு கரையிலும் கரும்பு நிற்கும். எங்கிருந்தோ வெல்லம் காய்ச்சும் வாசம் வரும்.

"கரும்புச் சோகைக்குள்ள சரசரன்னு சத்தங் கேட்டுதுங் அம்மிணி. திரும்பிப் பாத்தா, ஜப்பான்காரன்!"

செக்கிங்கில் இருக்கும் ரங்காத்தாள் கையிலிருந்த பனியனைப் பிரித்தபடியே கேட்பாள்: "ஏனுங்ணா, அமராவதி ஆறு பர்மாவுலயா ஓடுதுங்?"

கேள்வி நியாயமானதுதான். யுத்தம் நடந்தபோது ஆத்தப்பன் அமராவதிக் கரையில், மடத்துக்குளத்து மச்சான் தோட்டத்தில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பகல் முழுக்கக் கரும்புக்குள் படுத்துக் கிடந்தார். அந்த ஜப்பான்காரன் வேறு யாருமில்லை, அவரேதான். இதை அவர் மனைவி பொன்னாத்தாளே குழாயடியில் சொல்லிவிடுவாள்: "எங்கண்ணன் ஊட்டு வெல்லத்தத் தின்னு வளந்த ஒடம்புங். பர்மாவாம், பர்மா!"

தெரியாதவர் முதலாளி ஒருவர்தான். பட்டாளத்து ஆள்தான் வேண்டும் என்று சொல்லி, மீசையைப் பார்த்து வேலை கொடுத்தவர் அவர். குடியிருக்கக் கேட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடும் கொடுத்திருந்தார்.

சீனச் சண்டை முடிந்த அடுத்த வருஷம் சாமளாபுரத்திலிருந்து குமாரசாமி வந்து சேர்ந்தார். வடக்கே மலைப் பனியில் கால்விரல்கள் போய், பட்டாளம் வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஆள். இனி தறியில் நாள் பூரா நிற்க முடியாது. பின்பக்கத்துக் கேட்டுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"சர்டிபிகேட்டெல்லாம் எவன் வேணா காட்டறான்" என்றார் முதலாளி. "ஆத்தப்பண்ணா, நீங்க மிலிட்டிரி ஆளு. நெசமா பொய்யான்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

ஆத்தப்பன் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"சண்டையில என்னங்க பாத்தீங்க?"

"பனிதானுங்க."

"அப்பறம்?"

"அப்பறமும் பனிதானுங்க."

செக்கிங் பக்கம் குபீரென்று சிரித்தார்கள். நிஜப் பட்டாளத்துக்காரர் இவ்வளவு மட்டமாகக் கதை சொல்வார் என்று யார் கண்டது?

"செரி, ஒரு சல்யூட் அடிங்க பாக்கலாம்" என்றார் முதலாளி. குமாரசாமியின் வலது கை நெற்றிக்குப் போய் நின்றது. காலில் சத்தமே இல்லை.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கையே மாறிப் போச்சே! ஆளு டூப்புங்களா, ஆத்தப்பண்ணா?"

ஒரே ஒரு "ஆமாங்க" போதும். குமாரசாமி சாமளாபுரம் பஸ் ஏறிவிடுவார். வேலை, ஓட்டு வீடு, பர்மா எல்லாம் பத்திரமாக இருக்கும். அதைச் சொல்லத்தான் ஆத்தப்பன் வாயைத் திறந்தார். கண் என்னவோ குமாரசாமியின் காலுக்குப் போனது. விரல் இல்லாத காலில் செருப்பு நிற்பதற்காகக் காடாத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது. கரும்புக்குள் படுத்துக் கிடந்த அந்தப் பகல் ஆத்தப்பனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"ஆளு நெசந்தானுங்க" என்றார். "அவரு அடிச்சதுதானுங்க சரி."

"அப்ப இத்தன வருசமா நீங்க அடிச்சது?"

செக்கிங் பெண்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"கேட்டப் புடிச்சுப் புடிச்சு எனக்கு அப்படியே பழகிப் போச்சுங்க."

முதலாளி அவரை மீசையிலிருந்து பூட்ஸ் வரை ஒரு தடவை பார்த்தார். "நாளைக்குக் காத்தால ரெண்டு பேரும் முன் கேட்டுல நில்லுங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று டீ டைமில் பர்மா இல்லை. ரங்காத்தாளே வலியக் கேட்டும் "போங் அம்மிணி" என்று நகர்ந்துவிட்டார். எந்த ரெஜிமெண்ட் என்று குமாரசாமி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆத்தப்பன் அங்கேயே அழுதிருப்பார்.

மறுநாள் அம்பாசடர் தெருமுனை திரும்பியது. ஆத்தப்பன் பீடியை மிதித்து அணைத்தார். பக்கத்தில் குமாரசாமியின் கை ஏறியது. ஆத்தப்பன் கேட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். குமாரசாமியைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்து, விரல்களை ஒட்டிச் சேர்த்து, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். பழக்கத்தில் கால் தானாக மேலே ஓங்கியது. அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.