சங்குத்துறையில் மூளாத போர்

சங்குத்துறை என்றொரு நகரம் உலகத்தில் எங்கும் இல்லை. கதைப்படி அது இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து லண்டன் பிளேஸ்டோ வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்து சிவானந்தன் எழுதி உண்டாக்கிய நகரம் அது. அங்கே படகு விடும் வள்ளக்காரர் என்றொரு கட்சி, பண்டகசாலைக்காரர் என்றொரு கட்சி. துறைமுகம் யாருக்கு என்று இரண்டும் வெட்டிக்கொண்டு சாகின்றன. எல்லாம் லண்டனுக்கு வந்து குடியேறிய ஊரார் நடத்தும் ஊர்ச்சங்கத்தின் ஆண்டுவிழா நாடகத்துக்காக.

சண்டைக்கு அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை. சங்கமே உடைந்துதான் கிடந்தது. முன்பு ஒரு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் கொளுத்துவது என்று தொடங்கிய பேச்சு, வெளியே கார்களுக்கு நடுவில் கைகலப்பாக முடிந்தது. அன்றிலிருந்து ஈஸ்ட் ஹாம் பக்கத்தார் கிழக்குச் சங்கம், நோர்பரி பக்கத்தார் தெற்குச் சங்கம். ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம். தலைவர் மட்டும் இரண்டு பேர்.

அந்தக் கைகலப்பில் மறுபக்கம் நின்றவர்களில் ஒருவர் சிவானந்தனின் கூடப்பிறந்த தம்பி ஸ்ரீதரன். அவர் யார் மேலும் கை வைக்கவில்லை. ஆனாலும் மறுபக்கம் நின்றாரே! இருவருக்கும் இடையில் கதைபேச்சு அதோடு நின்றுபோனது. பிறகு தம்பியின் மகள் பிரசாந்தினியின் கல்யாணக் கார்ட் தபாலில் வந்தது. நேரில் வந்து சொல்லாத கல்யாணத்துக்கு மூத்தவன் எப்படிப் போவது? போகவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை.

மனைவி கமலாம்பிகைக்குப் பொறுக்கவில்லை. "போனை எடுத்துக் கதையுங்கோவன். வாயை என்ன வாடகைக்கே விட்டிருக்கிறியள்?"

"நான் மூத்தவன். நான் எப்பிடி முதல் எடுக்கிறது?"

"அதுக்கு ஒரு நகரத்தையே கட்டோணுமே?"

கட்டத்தான் வேண்டியிருந்தது. தனித்தனி விழாவுக்குச் சனம் வராததால், இந்த முறை சேர்ந்து நடத்துவோம் என்று இரண்டு தலைவர்களும் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளக்காரர் கிழக்கிலிருந்து, பண்டகசாலைக்காரர் தெற்கிலிருந்து என்று முடிவானது. வள்ளக்காரரின் தலைவன் சிவானந்தன்தான். பண்டகசாலைத் தலைவனைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த குறிப்பு இது: நல்ல உயரம், பெரிய மீசை, இடக்கையால் வாள் வீசுவான், சிரித்தால் மண்டபம் அதிரும். தெற்குச் சங்கத்தில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். கடைசிக் காட்சியில் இரண்டு தலைவர்களும் கட்டிப்பிடிக்க வேண்டும். அந்த ஒரு கட்டிப்பிடிப்புக்காகத்தான் துறைமுகம், வள்ளம், பண்டகசாலை எல்லாம்.

தெற்குச் சங்கச் செயலாளர் சபாரத்தினம் சிவானந்தனுக்குப் போன் எடுத்தார். "கட்டிப்பிடிக்கிற சீன் சரிவராது. எங்கட ஆக்கள் தோத்த மாதிரிப் போயிடும்."

கிழக்குச் சங்கமும் அதையேதான் சொன்னது. உடைந்த பிறகு இரண்டும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். கட்டிப்பிடிப்பு கைகுலுக்கலாகத் தேய்ந்தது. கைகுலுக்கல் தூரத்தில் நின்று தலையசைப்பதானது. கடைசியில் அதுவும் போய், ஒரு தூதுவன் சமாதான ஓலையோடு ஓடுவதாக முடிந்தது. ஒத்திகையும் சேர்ந்து இல்லை. வள்ளக்காரர் பிளேஸ்டோவில், பண்டகசாலைக்காரர் நோர்பரியில், எதிரியின் இடத்தில் ஒரு வெறுங்கதிரையை, ஆளில்லாத நாற்காலியை, வைத்துத் திட்டிப் பழகினார்கள்.

விழா நாள் வந்தது. இரண்டு சங்கங்களின் தலைவர்களும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்து, மைக்கில் ஒருவர் "இப்ப!" என்று சொன்னதும் ஒரே நேரத்தில் விளக்கைக் கொளுத்தினார்கள். இரத்தம் சிந்தவில்லை.

திரை விலகியது. பட்டு விரித்த கதிரையில் பண்டகசாலைத் தலைவனாக ஸ்ரீதரன், சுற்றிவரக் காவலாட்கள். சிவானந்தன் மட்டை வாளோடும் படையோடும் உள்ளே வர வேண்டும். தம்பி கதிரையில் உட்கார்ந்தபடி அசையாமல் இருக்க, "என்னைக் கண்டும் எழும்பாத திமிரா உனக்கு?" என்று கர்ஜிக்க வேண்டும். அதில்தான் போரே மூள்கிறது.

சிவானந்தன் வந்தார். ஸ்ரீதரன் எழும்பினார்.

தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணைதான் தகப்பன். அண்ணை வாசலில் கால் வைத்தால் ஸ்ரீதரன் எழும்பிவிடுவார், சின்ன வயதிலிருந்தே அப்படி. வெறுங்கதிரைக்கு முன்னால் பழகியபோது இது யாருக்கும் தெரியவரவில்லை. "இரும் காணும்! இரும்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து சபாரத்தினம் பல்லைக் கடித்தார். ஸ்ரீதரன் கதிரையில் பாதி இருந்து பார்த்தார். ஏலவில்லை. திரும்பவும் எழும்பிவிட்டார்.

எழும்பி நிற்கிற மனுசனிடம் ஏன் எழும்பவில்லை என்று எப்படிக் கேட்பது? சிவானந்தன் மட்டை வாளைக் கீழே இறக்கினார்.

"இரடா தம்பி," என்றார் சிவானந்தன். மைக் அதையும் பிடித்தது.

"நீங்கள் இருங்கோ அண்ணை. உங்களுக்கு முழங்கால் நோகும்."

சிவானந்தன் எதிரியின் கதிரையில் போய் இருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அழுதார். ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. இரண்டு படைகளும் என்ன செய்வதென்று தெரியாமல் வாளோடு நிற்க, யாரோ திரையை இழுத்தார்கள்.

"துறைமுகத்தைச் சும்மா தூக்கிக் குடுத்திட்டான்!" என்று சபாரத்தினம் குதித்தார். "எங்கட தலைவர் அவங்கட கதிரையில போய்க் குந்திட்டார், வெக்கக்கேடு!" என்று கிழக்கு குதித்தது. சாப்பாட்டு வரிசையே இரண்டானது. சில நாட்களில் கிழக்கு அண்ணனை நீக்கியது, தெற்கு தம்பியை நீக்கியது. அடுத்த வருசம் விழா தனித்தனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீதரன் நோர்பரியிலிருந்து வந்து, பிளேஸ்டோ வீட்டின் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏன் நிக்கிறியள்? இருங்கோவன்," என்றாள் கமலாம்பிகை.

"அண்ணை இன்னும் இருக்கேல்லை."

சிவானந்தன் குசினிக்குள், பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே வந்து சோபாவில் இருந்தார். பிறகு தம்பியும் இருந்தார். கட்டிப்பிடிப்பு நடக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் அது வழக்கமில்லை.

"பிரசாந்தினியின்ரை பிள்ளைக்குப் பேர் வைக்கிறம் அண்ணை," என்றார் ஸ்ரீதரன். "நேரில சொல்லோணும் எண்டு வந்தனான்."

என்றைக்கு என்று கேட்காமலே, சிவானந்தன் வேலையிடத்துக்கு லீவு சொல்லப் போனை எடுத்தார்.