அனுமந்தன்பட்டியில் அவிழ்த்த தார்ப்பாய்

போன வாரம் தேனி பங்களாமேட்டில் என் பைக்குக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. பாரத்தின் மேல் போர்த்தியிருந்த நீல பிளாஸ்டிக் ஷீட் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. லேசாகத் தூறல். அந்த ஷீட்டிலிருந்து எந்த வாசனையும் வரவில்லை. வாசனை வராததால்தான் எனக்குப் பழைய தார்ப்பாய் ஞாபகம் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்தக் காலத்துத் தார்ப்பாய் மழையில் நனைந்தால் மணக்கும். மெழுகு, டீசல், எப்போதோ ஏற்றிய மிளகு, எப்போதும் ஏற்றிய பூண்டு எல்லாம் கலந்த ஒரு வாடை. இரண்டு நாள் குளித்தாலும் கையைவிட்டுப் போகாது. பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார் மூக்கைச் சுளித்தது அதற்காகத்தான் என்று இன்றைக்கும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு காரணம் இருந்ததாக என் மனைவி சொல்கிறாள்.

படிப்பு முடிந்ததும் வடுகபட்டியில் ஒரு பூண்டுக் கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சரக்கோடு லாரியில் கோட்டயம் வரை போய் ஒப்படைத்துவிட்டு வருவதும் என் வேலைகளில் ஒன்று. “எம்மகன் ஏத்துமதியில இருக்கான்” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஏற்றுமதி என்றால் மூட்டைமேல் ஏறி நிற்பது என்பது அவருக்குத் தெரியாது.

லாரி உத்தமபாளையம் காஜாண்ணனுடையது. ஓட்டுவதும் அவரே. அவர் வண்டியில் கிளீனர்கள் யாரும் நிலைத்ததில்லை. வழியெல்லாம் பாடுவார் என்பதுதான் காரணம். ஆகவே தார்ப்பாய் கட்டுவது எங்கள் இருவர் தலையில் விழுந்தது. நான் மேலே நின்று முன்பக்கத்திலிருந்து விரித்துக்கொண்டு வருவேன். அவர் கீழே நின்று கயிற்றைக் கொக்கிகளில் மாட்டி இழுப்பார். கம்பத்தில் வெயில் கொளுத்தும், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் மழை ஊற்றும். அதனால் எப்போதும் இரண்டு தார்ப்பாய். அடியில் ஒட்டுப்போட்ட பழசு. மேலே புதுசு. புதுசில் முதலாளியின் பெயர் வெள்ளை பெயிண்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும்.

ஒரு ஐப்பசி மாதம். காலையில் வடுகபட்டியில் கிளம்பும்போதே வானம் கறுத்திருந்தது. சின்னமனூர் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. அனுமந்தன்பட்டிக்குள் நுழைந்தபோது முன்கண்ணாடியில் எதுவுமே தெரியவில்லை. காஜாண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு பிரேக்கை மிதித்தார். நடுரோட்டில் ஒரு அம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பட்டுச்சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால், சாலையோரத்தில் ஒரு கல்யாணப் பந்தல் பாதி சரிந்து கிடந்தது. கீற்றெல்லாம் பறந்துவிட்டது. கோட்டை அடுப்பில் பாதி வெந்த சோற்றின் மேல் நாலு பேர் ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏய்யா, மகளுக்குத் தாலி ஏறுற நேரம்யா. வீட்டுக்குள்ள பத்துப் பேருக்கு மேல நிக்க முடியாது. ஜெயமங்கலத்துலருந்து மாப்ள வீட்டாளுக வந்து நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாக. அந்தத் தார்ப்பாய மட்டும் குடுங்கய்யா” என்றார்.

காஜாண்ணன் என்னைப் பார்த்தார். “சரக்கு உங்க பொறுப்பு தம்பி. நீங்க சொன்னா அவுக்கிறேன்.”

நான் போடும் சட்டையின் நிறத்தைக்கூட அதுவரை என் அம்மாதான் முடிவு செய்துகொண்டிருந்தார். நனைந்த பூண்டு ஒன்று முளைவிடும், இல்லையென்றால் அழுகும். அடியில் இருக்கும் பழைய தார்ப்பாயின் ஓட்டைகள் எனக்கு நன்றாகவே தெரியும்.

“ஆத்தா, சரக்கு நனைஞ்சா எம்பொழப்புப் போயிரும்” என்றேன்.

அவர் கெஞ்சவில்லை. கோபப்படவும் இல்லை. “அதுவுஞ்சரிதான்யா. ஒம்பொழப்பையும் பாக்கணும்ல” என்று சொல்லிவிட்டு, பின்னால் வேறு வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்க்க, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

அவர் திட்டியிருந்தால் நாங்கள் கிளம்பிப் போயிருப்போம் என்று நினைக்கிறேன்.

“அவுப்போம்ணே” என்றேன். காஜாண்ணன் அதற்குள் கதவைத் திறந்து கீழே குதித்திருந்தார்.

நனைந்த தார்ப்பாயைத் தூக்கியிருக்கிறீர்களா? படுத்துவிட்ட எருமையை எழுப்புவதுபோல இருக்கும். ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். மாப்பிள்ளையே பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூலையைப் பிடித்தார். “ஏலே, மாப்ளைய விடுங்கலே, அவுக கையில மருதாணி!” என்று யாரோ கத்தினார்கள். அவர் விடவில்லை. ஒரு ஓரத்தை அங்கே நின்ற வேப்பமரத்தில் கட்டினோம். எதிர்ப்பக்கம் கட்ட எதுவும் இல்லை. காஜாண்ணன் லாரியைப் பின்னுக்கு எடுத்துப் பந்தலோரமாக நிறுத்தி, அதன் கம்பிகளிலேயே கட்டிவிட்டார். மெழுகு உருகிவிடக் கூடாதென்று அடுப்புப் பக்கம் மட்டும் மூங்கில் கொடுத்து உயர்த்தினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பந்தலுக்கு ஒரு கால் எங்கள் லாரி. கல்யாணம் முடியாமல் வண்டியை எடுக்க முடியாது.

நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போடும்போதெல்லாம் ஒரு பெரியவர் உலக்கையால் கீழிருந்து குத்துவார். தண்ணீர் ஓரமாகக் கொட்டும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அந்தக் கூச்சல் ஒன்றின் நடுவில்தான் தாலி ஏறியது. நாதஸ்வரக்காரர் ஈரச் சீவாளியை ஊதி ஊதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டதால், தவில் மட்டும் தனியாக முழங்கியது. அவசரத்தில் தார்ப்பாயைப் புரட்டிக் கட்டியிருந்ததால், மணமக்கள் தலைக்கு மேலே முதலாளியின் பெயர். போட்டோக்காரர் எவ்வளவு குனிந்து எடுத்தும் அதைத் தவிர்க்க முடியவில்லை.

சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. அந்த அம்மாவே எங்கள் இலைக்கு வந்து பரிமாறினார். என் இலையில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார், போதும் போதும் என்று நான் கையை நீட்டிய பிறகும்.

மழை ஓய்ந்ததும் ஊரே சேர்ந்து தார்ப்பாயை மறுபடி வண்டியில் ஏற்றியது. கடைசிக் கயிற்றை மாப்பிள்ளைதான் இழுத்தார். “மாப்ளே, காலையில போட்ட முடிச்ச விட இது லேசு. இத நெனச்சா அவுத்துக்கிடலாம்” என்றார் காஜாண்ணன். புதுப்பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோட்டயத்தில் இறக்கியபோது மேல்வரிசை மூட்டைகள் ஈரமாக இருந்தன. வியாபாரி அவற்றை மட்டும் ஒதுக்கித் திருப்பி அனுப்பிவிட்டார். வடுகபட்டி வந்து முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். “சரக்கு என்ன ஒங்கப்பன் வீட்டுதாடா? யாரக் கேட்டு அவுத்த?” என்று கடை அதிரக் கத்தினார். பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன்.

கத்தி ஓய்ந்தவர் சேரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எம்பேரு மேடைக்கு மேல தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சுச்சு மொதலாளி. ஆனா தலைகீழா.”

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “போ, ஈர மூட்டையக் களத்துல கொட்டிக் காயப்போடு. மொளச்சா நீயே தின்னு.”

அதற்குப் பிறகு அனுமந்தன்பட்டியைக் கடக்கும்போதெல்லாம் காஜாண்ணன் ஹாரன் அடிப்பார். அந்த அம்மா எந்த வேலையில் இருந்தாலும் வாசலுக்கு வந்து கையை உயர்த்துவார். ஒருமுறை பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். நான் வேறு வேலை கிடைத்துத் தேனிக்கு வந்த பிறகும் காஜாண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி. அந்த அம்மா போய்ச் சேர்ந்த செய்தியைச் சொன்னதும் அவர்தான். காஜாண்ணன் இறந்த செய்தியைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிய ஒரு மாதமாயிற்று.

இப்போது புறவழிச்சாலை வந்துவிட்டது. குமுளி போகிற பாரவண்டிகள் ஊர்களை ஒதுக்கிக்கொண்டு, வயல்களின் நடுவே பறக்கின்றன. ஐப்பசியில் அனுமந்தன்பட்டியில் இன்றைக்கும் கல்யாணம் நடக்கும், மழையும் கொட்டும். ஆனால் ஒரு தாய் பதறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தால், கையை விரித்து மறிக்க அங்கே லாரி வராது.