சைக்கிள் மிதித்துக் கேட்ட ஞாயிறு

எங்கள் வீட்டில் றேடியோ கேட்க வேண்டுமென்றால் யாராவது சைக்கிள் மிதிக்க வேண்டும். சண்டைக் காலம். மன்னார்த் தீவு ஆமியிடம் இருந்தது. கடலுக்கு இந்தப் பக்கம், நாங்கள் இருந்த கரை, இயக்கத்திடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பாலம் உடைந்து கிடந்தது. எங்கள் பக்கத்துக்குப் பற்றரி வரத் தடை. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும்கூடத் தடைதான். ஆனால் அழுக்கோடும் இருட்டோடும் இருந்துவிடலாம், செய்தி இல்லாமல் இருக்க முடியாது என்பது அப்பாவின் கட்சி. ஆகவே சைக்கிளை முற்றத்தில் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லு நிலத்தில் படாமல் சுழலவிட்டு, டைனமோவை ரயரில் முட்டவைத்து, அதிலிருந்து வயரை றேடியோவுக்குக் கொடுத்தார். அளவு தெரிவதற்காக ஒரு சின்ன பல்ப்பையும் கொழுவியிருந்தார். மெதுவாக மிதித்தால் பல்ப்பு மங்கும், வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். வேகமாக மிதித்தால் றேடியோ கருகிவிடும் என்று வெருட்டுவார்.

யாருக்கு எந்த நிகழ்ச்சி வேண்டுமோ அவர்தான் மிதிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அப்பா செய்திக்கு மிதிப்பார். நான் பாட்டுக்கு மிதிப்பேன். அம்மாவுக்கு வேண்டியது மரண அறிவித்தல். அவர் சீலையோடு சைக்கிளில் ஏறமாட்டார். அதனால் அவருடைய செத்தவர்களையும் நானே மிதித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலில் நல்ல பலம் இருந்தது, வாயிலும் குறைவில்லை.

இப்போது மன்னார் ரவுனில் இருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் றேடியோ, கடைக்குப் போனால் றேடியோ. ஒருவரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. எனக்கு அதைக் கண்டால் பத்திக்கொண்டு வரும். நாங்கள் ஒவ்வொரு சொல்லையும் வியர்வை விட்டுக் கேட்டவர்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்த கிழமை, அக்காவும் அத்தானும் இந்தியாவுக்குப் போவதென்று முடிவெடுத்தார்கள். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது, அடுத்தவளுக்கு நாலு. சின்னவளுக்குப் பத்து மாதம், அப்போதுதான் கதிரையைப் பிடித்து எழும்பப் பழகியிருந்தாள். அங்கே போனவர்களிடமிருந்து கடிதம் வர மாதக் கணக்காகும். அதுவும் மாதா கோவில் சுவாமியார் யாராவது அங்குமிங்கும் போய்வந்தால்தான். ஆனால் அந்தக் கரை வானொலி எங்களுக்குக் கொழும்பு வானொலியைவிடத் தெளிவாக எடுக்கும். நடுவில் தண்ணீர்தானே. அதில் ஞாயிறு மதியம் நேயர் விருப்பம் போகும். போய்ச் சேர்ந்தவர்கள் முகாமிலிருந்து ஒரு தபாலட்டையில் குடும்பத்தின் பெயரெல்லாம் எழுதி ஒரு பாட்டுக் கேட்பார்கள். இங்கே கேட்டுக்கொண்டிருப்பவர்கள், அப்பாடா, கரையேறிவிட்டார்கள் என்று மூச்சு விடுவார்கள். அறிவிப்பாளருக்கு இது தெரியுமோ தெரியாது. அகதிகளுக்கு இவ்வளவு பாட்டுப் பைத்தியமா என்று நினைத்திருப்பார்.

அக்காவுக்கும் அப்படி ஒரு அட்டை போடச் சொன்னது நான்தான். வயதுப்படி எழுதுங்கோ, ஒருவரையும் விடாதேங்கோ என்று பெட்டி கட்டும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இடாப்பு வைத்துப் பெயர் கூப்பிடுகிறவளின் புத்தி. எல்லாரும் சுகமாகப் போய்ச் சேர்ந்தால் என்ன எழுதுவது என்று மட்டுமே பேசினோம். மற்றதைப் பேச எனக்கும் வாய் வரவில்லை, அக்காவுக்கும் வரவில்லை.

படகு ஓட்டி நாலாம் நாள் திரும்பி வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார்.

"தீடையில இறக்கிவிட்டனான். தூரத்தில நேவியின்ர லைற் தெரிஞ்சது, அங்கால போகேலாமல் போச்சு. தண்ணிக் கான் ஒண்டு குடுத்தனான்."

தீடை என்றால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் கடலுக்குள் கிடக்கும் வெறும் மணல் மேடு. நிழலுக்கு ஒரு பற்றைகூட இல்லை. அந்தக் கரை மீன்பிடி வள்ளக்காரர் கண்டால் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலருக்கு அன்றைக்கே வள்ளம் கிடைக்கும், சிலர் மூன்று நாள் இருந்திருக்கிறார்கள். ஓட்டி போன பிறகு, ஐந்து பேருக்கு ஒரு கான் என்று அம்மா இரண்டு மூன்று தரம் சொன்னார்.

முதல் ஞாயிறு அட்டை வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு விடியும்போதே எழும்பி டைனமோ வயரைச் சரிபார்த்தேன்.

காலை ஆறு மணிக்குக் கொழும்பைப் போட்டோம். ஞாயிறென்றபடியால் எங்கள் கத்தோலிக்க வேதப் பாட்டுகள் போயின. அம்மா அவற்றை முணுமுணுத்துக்கொண்டே அடுப்பு மூட்டினார். பிறகு செய்தி. அப்பா ஏறி மிதித்தார். செய்தி வாசித்தவர் கடற்றொழில் தடைசெய்யப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வடக்கே இருந்து தொடங்கி எங்கள் கரையோரமாக இறங்கி வந்து எங்கள் ஊரின் பெயரையும் சொன்னார். நல்ல செய்திக்காக எங்கள் ஊரின் பெயரை றேடியோவில் ஒருநாளும் சொன்னதில்லை. பெயர் வந்தால் இரண்டு மூன்று நாளைக்குள் ஏதாவது நடக்கும். அப்பா மிதிப்பதை நிறுத்தாமல் வேலிக்கு மேலால் கடலைப் பார்த்தார். கடல் அசையாமல் கிடந்தது. ஒரு வள்ளம்கூட இல்லை.

அடுத்தது மரண அறிவித்தல். அம்மா செபமாலையோடு வந்து வாங்கில் உட்கார்ந்தார், நான் ஏறினேன். காலமானவர் இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, நல்லடக்கம் பிற்பகல் மூன்று மணிக்கு. யாருக்குச் சொந்தமானாலும் ஒரே குரல், ஒரே அளவு. கடலில் போனவர்களுக்கு யாரம்மா கொழும்பில் அறிவித்தல் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தேன். பெயர் வராவிட்டால் ஒரு நிம்மதிதானே என்றார் அம்மா. அந்த நிம்மதிக்காகத்தான் நான் தினமும் அரை மணித்தியாலம் மிதித்தேன்.

பத்து மணிபோல நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தபோது ஹெலியின் சத்தம் கேட்டது. அப்பா ஓடிவந்து சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார். மேலே இருப்பவனுக்கு எங்கள் றேடியோ கேட்கும் என்று அவருக்கு ஒரு பயம். அவனுடைய சத்தத்தில் அவனுக்கு அவன் குரலே கேளாது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மூவரும் பங்கருக்குள் இறங்கினோம். ஹெலி கரையோரமாகத் தெற்கே போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. சுடவில்லை. ஊரை அளந்துகொண்டு போகிறான் என்றார் அப்பா. ஈர மண்ணுக்குள் குந்தியிருந்துகொண்டு அம்மா ஒன்றைத்தான் கேட்டார். மதியம் திரும்ப வருவானோ?

பன்னிரண்டு மணிக்கு வானம் வெறுமையாக இருந்தது. பக்கத்து வீட்டார் ஒருவரும் வெளியே வரவில்லை. வழக்கமாக நேயர் விருப்பத்துக்கு வேலியருகே ஆட்கள் கூடுவார்கள். அன்று நாங்கள் மூன்று பேர்தான். அப்பா டைனமோவுக்குப் பக்கத்தில் குந்தி பல்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா றேடியோவுக்கு மேலே குனிந்திருந்தார். நான் மிதித்தேன்.

முதல் இரண்டு அட்டைகள் யாரோ அந்த நாட்டுக்காரருடையவை. மூன்றாவதற்குப் பெண் அறிவிப்பாளர் மண்டபம் முகாமிலிருந்து என்றார். என் கை ஹாண்டிலில் வழுக்கியது, காலை விடவில்லை. அத்தானின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவரும் அப்படி இழுத்துச் சொல்லமாட்டார்கள், ஆனால் அத்தான்தான். பிறகு அக்காவின் பெயர். பிறகு மூத்தவன். பிறகு அடுத்தவள். ஆகியோர் விரும்பிக் கேட்ட பாடல் இதோ, என்றார். மேளதாளத்தோடு ஒரு கல்யாணப் பாட்டுத் தொடங்கியது.

அம்மா சிலுவை அடையாளம் போட்டார். சிரித்தார். மூன்று கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டேன். பிறகு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். சுண்டுவிரல் மடங்காமல் நின்றது.

"சின்னவளின்ர பேர் எங்க?"

பல்ப்பு ஒரு தரமும் மங்கவில்லை. நான் ஒரு சுற்றும் தவறவிடவில்லை. ஐந்தாவது பெயர் அங்கே இல்லை. எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. விளங்கிய அந்த நொடியில், அம்மாவின் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு, நான் வாயைத் திறந்தேன்.

"கால் வழுக்கிப்போச்சம்மா. அந்த இடத்தில சத்தம் விழுந்திட்டுது."

அம்மா என்னைப் பேசத் தொடங்கினார். எருமை, ஒரு நிமிசம் ஒழுங்காக மிதிக்கத் தெரியாதா, இதுக்காகத்தானே மூன்று ஞாயிறாகக் காத்திருக்கிறோம். இப்படிச் சந்தோசமாக அவர் என்னை ஒருநாளும் பேசியதில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பல்ப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாட்டு முடியும் மட்டும் இருந்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"ஓம். செயின் இறுகிக் கிடக்கு. எண்ணெய் விடவேணும்."

இயக்கத்தின் வானொலி பின்னேரம் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும். வழக்கமாக ஊரே கேட்கும். அன்று அப்பாவும் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. கால் நோகிறது என்றேன். அதுவும் பொய்.

அடுத்த நாள் கிணற்றடியில் அம்மா எல்லாருக்கும் சொன்னார், பிள்ளைகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இவள்தான் சின்னவளின் பெயர் வாசிக்கும்போது காலை விட்டுவிட்டாள் என்று. எனக்கு ஊரில் வழுக்குக் கால் என்று பட்டப்பெயர் விழுந்தது. பிள்ளைகள்கூட வகுப்பில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் கோபிப்பதுபோல நடித்தேன். பின்னேரச் செபமாலையில், கடலுக்கு அங்காலை இருக்கும் ஐந்து பேருக்கும் உடம்பு சுகத்துக்காக என்று அம்மா மேலும் பத்து மணிகள் உருட்டினார். அப்பாவும் நானும் மறுமொழி சொன்னோம். அந்த ஐந்து என்ற சொல் வரும்போது நான் நிலத்தைப் பார்ப்பேன். அப்பாவும் நானும் இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு சொல் பேசவில்லை. இன்றைக்குச் சொல்லட்டும், நாளைக்குச் சொல்லட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். குண்டு விழுந்த நாட்களில், இன்றைக்கு வேண்டாம் என்று நினைப்பேன். விழாத நாட்களில், இந்த நல்ல நாளை ஏன் கெடுப்பான் என்று நினைப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சுவாமியார் கையில் கடிதம் வந்தது. வாசிக்கச் சொல்லி அம்மா என் முன்னால் உட்கார்ந்தார். ஒளிக்க வழியில்லை. சின்னவள் தீடையில் இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டாள், அங்கேயே மணலைத் தோண்டி வைத்தோம், அதற்கு அடுத்த நாள்தான் வள்ளம் வந்தது என்று அக்கா எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அட்டையில் அவளுடைய பெயரை எழுதவும் கை வரவில்லை, எழுதாமல் விடவும் கை வரவில்லை, பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன், பெயர் இல்லாவிட்டால் நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள் என்றுதான் விட்டேன், என்று இருந்தது. வானொலியில் அட்டையை வாசித்ததை முகாமில் அக்காவும் கேட்டிருக்கிறார். அந்த ஞாயிறு அங்கே நீங்களும் எனக்காக அழுதிருப்பீர்கள், அம்மா பூசை கொடுத்திருப்பா, அதை நினைத்துத்தான் இந்த இரண்டு மாதமும் தாங்கிக்கொண்டேன் என்று முடித்திருந்தார்.

அம்மா அழவில்லை. என் கையிலிருந்த கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அண்டைக்குக் காலை விடேல்ல, என்ன?"

"இல்லையம்மா."

அப்பா எழும்பி வெளியே போனார். அவருக்கும் தெரியும் என்பதை அம்மா விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு மாசமா நான் அவளின்ர சுகத்துக்கு மன்றாடிக்கொண்டு இருந்திருக்கிறன். கிணத்தடியில நிண்டு சிரிச்சிருக்கிறன். என்ர பிள்ளை அங்க தனிய இருந்து அழுதிருக்கிறாள்."

நான் மன்னிப்புக் கேட்டேன். சுவாமியார் நாளைக்குத் திரும்பிப் போகிறார், கொப்பியையும் பேனையையும் எடு என்றார் அம்மா.

"எழுது. அட்டை கேட்ட அண்டைக்கே எங்களுக்கு விளங்கீட்டுது எண்டு எழுது. எல்லாருமா அழுதனாங்கள், பூசை குடுத்தனாங்கள் எண்டு எழுது."

எழுதினேன். எழுதியதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒட்டச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அக்கா இன்றைக்கும் அந்தக் கடிதத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்.