இஸ்திரி போடக்கூடாத நாள்

கரி கனிந்துவிட்டதா என்று மாரி-ரோஸ் தொட்டுப் பார்ப்பதில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்தருகே உயர்த்தி, ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறாள். சூடு போதாவிட்டால் பெட்டியை ஊஞ்சல்போல முன்னும் பின்னும் வீசுகிறாள், சாம்பல் பறக்கிறது. "வந்துடு, வந்துடு, மகராசி" என்று அதனிடம் சொல்கிறாள். வேறு யாரிடமும் அவள் கொஞ்சிப் பேசி யாரும் கேட்டதில்லை.

டிஸ்ட்ரிக்ட் 1-இல் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டு வாசலில் மேசை, அதன்மேல் நாலாய் மடித்த பழைய ராணுவக் கம்பளி. வியட்நாமின் சைகோன் நகரம் பெயர் மாறி எட்டு வருஷம் ஆகிறது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் கரிப்பெட்டிக்கு நல்ல கிராக்கி. சட்டையை விரித்ததுமே யார் வீட்டில் மீன் பொரித்தார்கள், யார் புதிதாகப் புகைபிடிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். "சட்டை சொல்றதையெல்லாம் நான் வெளிய சொன்னா, இந்தச் சந்துல பாதிப்பேரு மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க" என்பாள். சொன்னதில்லை.

அப்பா காரைக்காலிலிருந்து வந்து துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தாவாக இருந்தவர். மாரி-ரோஸ் பிறந்ததே இங்கேதான். ஆட்சி மாறியபோது சொந்தக்காரர்கள் பிரான்சுக்கு விமானம் ஏறினார்கள். அவளுக்கும் இடம் இருந்தது. "அங்க எல்லாரும் கம்பளிதான் போடுவாங்களாம். நான் எத தேய்க்கிறது?" என்று சொல்லி நின்றுவிட்டாள். அவள் கணவனின் கல்லறை இந்த ஊரில் இருக்கிறது. அதை அவள் காரணமாகச் சொன்னதே இல்லை.

அந்த வார்டில் ஒரு கட்டளை உண்டு. சைகோன் விடுதலையான ஏப்ரல் முப்பதிலும், தேசிய நாளான செப்டம்பர் இரண்டிலும் விழா முடியும்வரை கடை திறக்கக் கூடாது. கூலிக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. வீட்டுக்கு வீடு கொடி கட்டி, எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூட வேண்டும். கமிட்டியைச் சேர்ந்த லாம் அதை ஒலிபெருக்கியில் வாசிப்பான்.

போன ஏப்ரலில் அந்தக் கட்டளை அவள் தலையிலேயே விழுந்தது. மறுநாள் கல்யாணம் என்று ஒரு பெண் பட்டு அங்கியைக் கொண்டுவந்து கண்ணைக் கசக்கினாள். மாரி-ரோஸ் மனசு கேட்காமல் கரி பற்றவைத்தாள். புகையைப் பார்த்து லாம் வந்தான். அங்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். கரியைக் கொட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துப்போனான். ஒரு மாதம் கழித்துத்தான் அது துருவேறித் திரும்பி வந்தது. அதுவரை பக்கத்து வீட்டு வள்ளியம்மைதான் தன் ரேஷன் அரிசியைப் பகிர்ந்துகொண்டாள்.

அதே வருஷம் செப்டம்பர் இரண்டு. காலையிலிருந்தே மழை. கொடி கட்டியாகிவிட்டது, பெட்டி பரணில் கிடந்தது. மாரி-ரோஸும் வள்ளியம்மையும் காப்பிக்கு வெந்நீர் வைத்திருந்தபோது, லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். ஆற்றுக்கு அக்கரையில் அவன் வீடு. விழாவுக்கென்று பையில் வைத்திருந்த வெள்ளைச் சட்டை நனைந்து பந்தாய்ச் சுருண்டிருந்தது. நகரக் கமிட்டியிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். உறுதிமொழி வாசிக்க வேண்டியவன் அவன்.

"அக்கா, சின்ன வேலை" என்றான் வியட்நாமியத்தில்.

அவள் சட்டையை வாங்கவில்லை. "இன்னைக்கு வேலை கூடாது தம்பி. நீங்கதான படிச்சீங்க."

"யாரும் பாக்க மாட்டாங்க."

"நீங்க பாக்குறீங்களே."

லாம் தலை குனிந்தான். வள்ளியம்மை தமிழில் முணுமுணுத்தாள்: "பேசாமத் தேச்சுக் குடு ஆத்தா. நாளைக்கே வாசல்ல மேசை போடக்கூடாதும்பான். அவன் தயவு நமக்கு வேணும்ல."

பெட்டி இல்லாத அந்த மாதம் முழுக்க அவனிடம் சொல்ல எத்தனையோ வார்த்தைகளை மாரி-ரோஸ் சேர்த்து வைத்திருந்தாள். இப்போதோ, அவன் நீட்டிய சட்டையின் அக்குளில் ஒரு கிழிசலை வேறு நிற நூலால் தைத்திருந்ததுதான் கண்ணில் பட்டது. கோணல்மாணலான ஆண்பிள்ளைத் தையல்.

காப்பிக்கு வைத்த வெந்நீரை அடி தட்டையான அலுமினியக் குண்டானில் ஊற்றினாள். விளிம்பில் துணி சுற்றினாள். உள்ளே கட்டிலில் கம்பளியை விரித்து, குண்டானை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அவங்கவங்க சட்டைய அவங்கவங்க தேச்சுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல. தேய்ங்க."

லாம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் குண்டானைப் பிடித்தான். மாரி-ரோஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "இழுக்காதீங்க. அழுத்துங்க. இப்ப சட்டைக் கை." துணியிலிருந்து ஆவி எழுந்தது. ஒருமுறை விரலைச் சுட்டுக்கொண்டு வாயில் வைத்தான். அவன் ஒரு சுருக்கத்தை நீக்க, பக்கத்தில் இரண்டு விழுந்தன. முப்பது வருஷமாய்த் தேய்த்த அவள் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

கடைசிக் கைப்பகுதியில் அவன் நிறுத்தினான். நிமிராமலே கேட்டான்.

"அந்தப் பொண்ணு அப்புறம் என்ன போட்டுக்கிட்டா?"

"கசங்கினதத்தான்."

லாம் அந்தக் கையையும் அழுத்தி முடித்தான். ஈரம் முழுதும் காயாத சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான். "வாசல்ல மேசை போடுற பெர்மிட்டு போச்சு போ" என்றாள் வள்ளியம்மை. "போனா போவுது. காப்பிக்கு வேற தண்ணி வையி" என்றாள் மாரி-ரோஸ்.

மைதானத்தில் மழை விட்டிருந்தது. நகரத்துப் பெரியவர்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லாம் ஒலிபெருக்கியின் முன் வந்து தாளை விரித்தான். அவன் காலரின் இடது பக்கம் நாய்க்காதுபோல மேலே தூக்கிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எதற்கென்று தெரியாமல் லாம் கூட்டத்தைப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் கொடியோடு நின்ற அவளைக் கண்டுகொண்டான்.

மாரி-ரோஸ் கொடியை மறு கைக்கு மாற்றினாள். இரண்டு விரலைத் தன் கழுத்தின் இடப்பக்கம் வைத்து, மெதுவாகக் கீழ்நோக்கித் தடவிக் காட்டினாள்.